பயோமெடிக்கல் ஆராய்ச்சியாளர் ஆவது எப்படி? பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து பிஎச்டிக்குப் பிறகு வரை

திருமங்கலத்திலிருந்து சித்தி போன மாதம் கூப்பிட்டார். "ஏப்பா, பாப்பா பயோமெடிக்கல்தான் படிப்பேங்கிறா. ஸ்கேன் மெஷின் ரிப்பேர் பாக்குற வேலைதான அது?"

சித்தியைக் குறை சொல்ல முடியாது. நான் பெங்களூருவில் பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். என் அப்பாவே பக்கத்து வீட்டில் கேட்டால் "அவன் ஏதோ எலி வச்சுப் பாக்குறான்" என்றுதான் சொல்வார். பயோமெடிக்கல் என்ற ஒரே சொல் நம் ஊரில் மூன்று வேலைகளுக்கு ஓடுகிறது. மருத்துவமனைக் கருவிகளை வடிவமைப்பதும் பராமரிப்பதும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங். ரத்தம், சளி பரிசோதித்து ரிப்போர்ட் தருவது டிஎம்எல்டி, பிஎஸ்சி எம்எல்டி படித்தவர்களின் வேலை. மூன்றாவது, நோய் ஏன் வருகிறது, உடம்பில் எந்த இடத்தில் என்ன கெடுகிறது, மருந்து எப்படிக் கேட்கிறது, ஏன் கேட்காமல் போகிறது என்று தேடுவது. நான் எழுதப்போவது மூன்றாவதைப் பற்றி.

எந்தப் பரீட்சை, எவ்வளவு கட்-ஆஃப் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் என் யோசனை ஒன்றுதான்: ஒவ்வொரு திருப்பத்திலும் முதலில் ஒரு லேபுக்குள் நின்று பாருங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். பெண் பார்க்கப் போகாமலே யாரும் தாம்பூலம் மாற்றுவதில்லை. பிஎச்டியில் மட்டும் அப்படிச் செய்கிறோம்.

முதல் படி: வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு புற்றுநோய் மருந்து சிலருக்கு ஆறு மாதம் நன்றாகக் கேட்கிறது, பிறகு கேட்பதில்லை. ஏன்? இது ஒரு ஆராய்ச்சிக் கேள்வி. இதற்குப் பதில் தேடும் ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

புற்றுநோய்ச் செல்களை 37 டிகிரி சூடும் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடும் உள்ள இன்குபேட்டரில் வளர்ப்போம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவற்றைப் பிரித்துப் புதுத் தட்டில் விட வேண்டும். செல்லுக்கு ஞாயிறு, தீபாவளி கிடையாது. பாதித் தட்டுகளில் மருந்து, பாதியில் மருந்தில்லை. பிறகு செல்களை உடைத்துப் புரதத்தை எடுத்து, ஜெல்லில் ஓட்டி, ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்றி, நாம் தேடும் புரதத்தோடு மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றி இரவு முழுக்கக் குளிரறையில் ஆட்டி வைக்க வேண்டும். மறுநாள் படம் எடுத்தால் கருப்புக் கோடாக ஒரு பேண்ட் வரும். வராமலும் போகும். வந்தால், இன்னும் இரண்டு முறை முதலிலிருந்து செய்து அதே மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் ஆன்டிபாடி கெட்டதா, செல் கெட்டதா, என் யோசனையே தப்பா என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

பெரும்பாலான வாரங்கள் இப்படித்தான். இதைப் படிக்கும்போதே "அப்புறம் என்ன ஆச்சு?" என்று தோன்றினால் மேலே படியுங்கள். அலுப்பாக இருந்தால் அதிலும் தப்பில்லை, இப்போதே தெரிந்தது நல்லது.

இரண்டாம் படி: பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு

இந்த வேலைக்கு நீட் தேவையில்லை. நீட் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசும் இல்லை இது. டாக்டர் ஆக முடியவில்லை என்று இங்கே வந்தவர்கள் மூன்றாம் வருடத்தில் வாடிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வழிகள் மூன்று. புனே, கொல்கத்தா, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் ஆகிய ஏழு ஊர்களில் உள்ள ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் நிறுவனங்களில், இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ். அதற்கு ஐஏடி என்ற நுழைவுத் தேர்வு. இரண்டாவது, பெங்களூருவில் உள்ள அறிவியல் ஆராய்ச்சி நிறுவனமான ஐஐஎஸ்சியின் நான்கு வருட பிஎஸ். 1909-இல் தொடங்கிய இந்த நிறுவனத்தை உள்ளூர் ஆட்டோக்காரர்கள் இன்றும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றுதான் சொல்வார்கள். எந்தத் தேர்வு மதிப்பெண்ணை ஏற்கிறார்கள் என்பது அங்கே அவ்வப்போது மாறியிருக்கிறது, அந்தந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். மூன்றாவது, நம் ஊர்க் கல்லூரியில் சாதாரண பிஎஸ்சி. என் வழி இதுதான். விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், வேதியியல் எதுவானாலும் சரி. பயோடெக்னாலஜி என்ற பெயருக்காக மட்டும் லட்சங்களைக் கொட்டாதீர்கள். சேர்வதற்கு முன் கல்லூரியின் லேபைக் காட்டச் சொல்லுங்கள். டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் மெஷின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, உறை மேல் தூசி இருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கணக்கை விட்டுவிடாதீர்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் பிஎச்டி வாங்கிய பிறகுதான் உயிரியலுக்கு வந்தார். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பைச் சொன்ன ஜி.என்.ராமச்சந்திரனும் இயற்பியல்காரர்தான். இன்றைக்கு ஒரே ஒரு மரபணு வரிசைச் சோதனையில் வரும் தகவல் எக்செல்லில் அடங்காது. ஆர் (R) அல்லது பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சமாவது தெரியாதவர், தன் முடிவைத் தானே படிக்க முடியாமல் அடுத்தவர் மேசையில் காத்திருக்க வேண்டும்.

எம்பிபிஎஸ் முடித்தவர்களும் ஆராய்ச்சிக்கு வரலாம், வர வேண்டும். நோயாளியைப் பார்த்த கண்ணோடு லேபுக்கு வருபவர் கேட்கும் கேள்வியே வேறு.

மூன்றாம் படி: டிகிரி படிக்கும்போதே ஒரு கோடை

இந்திய அறிவியல் அகாடமி உள்ளிட்ட மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம், ஒரு விஞ்ஞானியின் லேபில், கையில் சிறு தொகையோடு. பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு ஆராய்ச்சி மையமும் இப்படி ஒன்று நடத்துகிறது. மே மாதத்துக்கான விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய வருடக் கடைசியிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் விழித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

கிடைக்காவிட்டால் நேரடியாகப் பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எனக்கே வாரத்துக்கு நாலைந்து வருகின்றன. "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி பேஷனேட் அபௌட் சயின்ஸ்" என்று தொடங்கி, நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் போனது என்று பார்த்தவுடன் தெரியும். நான் பதில் போட்டவை வேறு மாதிரி இருந்தன. அதில் ஒரு பெண் எங்கள் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, "மூன்றாவது படத்தில் மருந்து கொடுக்காத செல்களிலும் அந்தப் புரதம் கூடியிருக்கிறதே, ஏன்?" என்று கேட்டிருந்தாள். ஆங்கிலத்தில் இலக்கணப் பிழை இருந்தது. யார் பார்த்தார்கள்? அடுத்த மே மாதம் வரச் சொல்லிவிட்டேன். எட்டு வரி போதும்: யார் நீங்கள், எங்கள் வேலையில் எதைப் படித்தீர்கள், என்ன கேள்வி வந்தது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும். மதிப்பெண் பட்டியலை இணைத்துவிடுங்கள். பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

நான்காம் படி: எம்எஸ்சி

ஜாம் தேர்வு எழுதினால் ஐஐடிகளின் எம்எஸ்சிக்கும், ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்டிக்கும் விண்ணப்பிக்கலாம். ஜிஏடி-பி எழுதினால் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் எம்எஸ்சி படிப்புகள், மதுரை காமராசர் பல்கலைக்கழகம் உட்பட. எங்கே சேர்ந்தாலும் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டைப் பணம் கட்டிச் செய்து தரும் தனியார் கடைகளில் முடிக்காதீர்கள். நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே வெளுத்துவிடும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 விதிப்படி, நான்கு வருட இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் வாங்கியவர் எம்எஸ்சி இல்லாமலே பிஎச்டிக்குப் போகலாம். முடியும் என்பதற்காகப் போக வேண்டும் என்றில்லை.

ஐந்தாம் படி: ஒரு வருடம் ப்ராஜெக்ட் வேலை

பெற்றோருக்குப் பிடிக்காத படி இதுதான். எம்எஸ்சி முடித்த கையோடு பிஎச்டிக்குப் பாயாமல், ஒரு லேபில் ப்ராஜெக்ட் அசோசியேட்டாக, அதாவது சம்பளம் வாங்கும் ஆராய்ச்சி உதவியாளராக, ஒரு வருடம் இருங்கள். பெங்களூருவில் ஐஐஎஸ்சி, பெல்லாரி சாலையில் ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் உயிரியல் ஆராய்ச்சி நிறுவனங்களான என்சிபிஎஸ், இன்ஸ்டெம், ஓசூர் சாலையில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் என்று எல்லா இடத்திலும் இந்த வேலைகளுக்கு வருடம் முழுக்க அறிவிப்பு வரும். சம்பளம் பெரிதாக இராது. "எம்எஸ்சி முடிச்சிட்டு இவ்வளவுதானா?" என்று மாமா கேட்பார். கேட்கட்டும்.

அந்த ஒரு வருடத்தில் மூன்று விஷயம் தெரிந்துவிடும். கை வேலை வருகிறதா. தோற்ற சோதனையை மறுநாள் காலை மறுபடி செய்ய மனம் வருகிறதா. பக்கத்து மேசையில் ஐந்தாம் வருடம் பிஎச்டி செய்யும் அக்காவின் முகம் எப்படி இருக்கிறது. என்னோடு சேர்ந்த நான்கு பேரில் இரண்டு பேர் வருட முடிவில் இது வேண்டாம் என்று போய்விட்டார்கள். ஒருவர் மருத்துவச் செய்தி எழுதுகிறார், இன்னொருவர் மருந்து கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறார். இருவருக்கும் வருத்தம் இல்லை. ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டார்கள், நான்காம் வருடத்தில் அல்ல.

ஆறாம் படி: தேர்வுகள்

முக்கியமானது சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை. உயிர் அறிவியல் தாளில் மூன்று பகுதி, மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். முதல் பகுதி பொது அறிவியலும் கணக்கும், 20-இல் 15 கேள்வி. இரண்டாவதில் 50-இல் 35. மூன்றாவதில் 75-இல் 25 மட்டும், ஆனால் ஒவ்வொன்றும் 4 மதிப்பெண். அதாவது பாதி மதிப்பெண் அந்த 25 கேள்வியில் இருக்கிறது. தப்பானால் கால் பங்கு கழியும். பதின்மூன்று அலகையும் மேலோட்டமாகப் புரட்டுபவரைவிட, ஆறேழு அலகை ஆழமாகப் படித்தவர் மூன்றாம் பகுதியில் முந்துவார். பதின்மூன்றாம் அலகு முழுக்க சோதனை முறைகள். ப்ராஜெக்ட் வருடம் செய்தவருக்கு அது தினசரி வேலை.

இந்தத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆகி 42,000. வாடகைப் படி தனி. விடுதியில் இருந்தால் அது இல்லை. பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று முடிவு வந்தால் இந்தத் தொகை கிடையாது, குழம்பிக்கொள்ளாதீர்கள். என்சிபிஎஸ் போன்ற இடங்களுக்கு ஜேஜிஈபில்ஸ் என்ற தேர்வு தனி. அதில் மனப்பாடம் உதவாது. ஒரு சோதனையைச் சொல்லி, முடிவு இப்படி வந்தால் காரணம் என்ன என்று கேட்பார்கள்.

வெளிநாடு என்றால், அமெரிக்காவில் நான்கு வருட இளநிலைப் பட்டத்தோடு நேரடியாக பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம், பெரும்பாலும் டிசம்பருக்குள். உயிரியல் பிஎச்டியில் கல்விக் கட்டணத்தையும் செலவுக்குப் பணத்தையும் பொதுவாகத் துறையே தரும். பணம் கட்டச் சொன்னால் இரண்டு முறை யோசியுங்கள். ஜெர்மனியில் பொதுவாக எம்எஸ்சி வேண்டும், பல இடங்களில் பிஎச்டி ஒரு வேலை ஒப்பந்தமாகவே வரும். இரண்டுக்கும் உங்களை நேரில் தெரிந்த இரண்டு மூன்று பேரின் பரிந்துரைக் கடிதம்தான் உயிர். அதைத் தரப்போவது ப்ராஜெக்ட் வருடத்து கைடு.

ஏழாம் படி: கைடைத் தேர்ந்தெடுங்கள், இடத்தை அல்ல

நேர்முகத்தில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அது போதும். உண்மையான நேர்முகம் அதற்குப் பிறகு, நீங்கள் லேபை எடுப்பது. ஐந்தாறு வருடம் உங்கள் காலை எப்படி விடியும் என்பதை நிறுவனத்தின் வாசல் பலகை தீர்மானிப்பதில்லை, ஒரு மனிதர் தீர்மானிக்கிறார்.

கைடிடம் கேட்பதைவிட அவருடைய மாணவர்களிடம் கேளுங்கள். லேபுக்குள் வைத்துக் கேட்காதீர்கள், கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை வருடம் ஆனது? அவர்கள் இப்போது எங்கே? யாராவது பாதியில் போனார்களா, ஏன்? கட்டுரையை அனுப்பினால் எத்தனை நாளில் படித்துத் திருப்புவார்? சோதனை தோற்றது என்று சொன்னால் முகம் எப்படி மாறும்? ஒரே ப்ராஜெக்டை இரண்டு பேரிடம் கொடுத்துப் போட்டி வைப்பாரா? பதில் சொல்லாமல் சிரித்தால் அதுவும் பதில்தான்.

புதிதாகச் சேர்ந்த இளம் கைடா, பெயர் பெற்ற பெரியவரா? இளையவர் கூடவே நின்று பிப்பெட் பிடிக்கக் கற்றுத் தருவார். அவருக்கும் அவசரம் இருக்கும். பெரியவரிடம் பணமும் தொடர்பும் உண்டு, ஆனால் மாதத்துக்கு ஒருமுறை அவரைப் பிடிப்பதே பாடு. என் சாய்வு இளையவர் பக்கம். ரொட்டேஷன் இருக்கும் இடமாக இருந்தால், இரண்டு மூன்று லேபில் சில வாரங்கள் இருந்து பார்க்கும் வாய்ப்பை வீணாக்காதீர்கள்.

எட்டாம் படி: பிஎச்டி வருடங்கள்

யுஜிசி விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு; மறுபதிவில் இன்னும் இரண்டு. உயிரியலில் ஐந்து முதல் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் பாடங்கள். பிறகு காம்ப்ரிஹென்சிவ் தேர்வு. அப்புறம் தலைமேல் வெள்ளம்.

என் மூன்றாம் வருடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான்கு மாதமாக முடிவுகள் அழகாக வந்துகொண்டிருந்தன. திடீரென்று செல்கள் மெதுவாக வளர்ந்தன. பரிசோதித்தால் மைக்கோபிளாஸ்மா. இந்தப் பாக்டீரியா மிகச் சிறியது, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் சிக்காது, தட்டைக் கலங்கவும் வைக்காது. பென்சிலின் செல்சுவரைத்தான் தாக்கும்; இதற்குச் செல்சுவரே கிடையாது. எத்தனை நாளாக இருந்தது என்று தெரியாததால் நான்கு மாத வேலையும் குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பிசிஆர் வைத்துப் பார்க்கிறேன். நீங்கள் முதல் நாளிலிருந்தே பாருங்கள். நோட்டில் அன்றன்றே, தேதியும் பாட்டில் எண்ணும் போட்டு எழுதுங்கள். நாளைக்கு எழுதலாம் என்பது ஒருபோதும் நடப்பதில்லை.

எலியில் செய்வதற்கு நிறுவன விலங்கு நெறிக்குழுவின் அனுமதி வேண்டும், நோயாளியின் ரத்தமோ திசுவோ எடுக்க மனித நெறிக்குழுவின் அனுமதி. மாதக்கணக்கில் ஆகும், இப்போதே விண்ணப்பம் போடுங்கள். அதைவிடப் பெரிய பாடம் சம்மதப் படிவம். பெங்களூரு மருத்துவமனைகளுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து நிறையத் தமிழர்கள் வருகிறார்கள். எங்கள் படிவத்தைத் தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'மரபணு வரிசைப்படுத்துதல்' என்று எழுதி ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "தம்பி, இதுல என்ன கேக்குறீங்க?" என்றார். "உங்க ரத்தத்துல ரெண்டு ஸ்பூன் எடுத்துக்கறோம்ங்கய்யா. இந்த நோய் குடும்பத்துல வர்றதான்னு பாப்போம். இதனால உங்களுக்கு இப்போ பலன் ஒண்ணும் இல்ல. வேண்டாம்னு சொன்னாலும் வைத்தியம் அதேதான் நடக்கும்" என்றேன். யோசித்து, "இதை முதல்லயே இப்படி எழுத வேண்டியதுதானே" என்று கையெழுத்துப் போட்டார். படிவத்தை அன்றிரவே மாற்றி எழுதி, மறுபடி நெறிக்குழுவுக்கு அனுப்பினேன். இன்னும் ஆறு வாரம் போனது. போகட்டும்.

உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். மூன்று மாதச் செலவுக்கான பணத்தை எப்போதும் ஒதுக்கி வையுங்கள். விடுதி கிடைக்காவிட்டால் சககார நகர், மத்திகெரே பக்கம் இரண்டு மூன்று பேராக வீடு எடுங்கள். கன்னடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். காய்கறிக்காரரிடம் மட்டுமல்ல, ஸ்டோர் ரூமிலும் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஒன்பதாம் படி: அதற்குப் பிறகு

வழக்கமான கணக்கு இது: எம்எஸ்சி முடிக்கும்போது 23, ப்ராஜெக்ட் வருடம் முடிய 24, பிஎச்டி முடிய 29 அல்லது 30, போஸ்ட்டாக் என்ற பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சி முடிய 33, 34. அதன் பிறகுதான் சொந்த லேப், அதுவும் கிடைத்தால். பிஎச்டி முடித்தவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் ஆசிரியர் இடங்கள் மிகக் குறைவு. இதை முதல் நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள். கல்யாணப் பேச்சு வரும்போது புதிதாகச் சொன்னால் சண்டைதான்.

போஸ்ட்டாக் தேடுவதைத் தீசிஸ் எழுதுவதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள். ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைக்கு, போகும் நாட்டில் கடந்த 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து திரும்புபவர்களுக்கு ராமலிங்கசுவாமி உதவித்தொகை இருக்கிறது.

கம்பெனி வேலையை இரண்டாம் தரமாகப் பார்க்கும் பழக்கம் லேப்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்து தயாரிக்கும், 1978-இல் தொடங்கிய பயோகான், மற்ற கம்பெனிகளுக்காக ஆராய்ச்சி செய்து தரும், 1993-இல் வந்த சின்ஜீன், மரபணுச் சோதனை செய்யும் மெட்ஜீனோம் என்று இந்த ஊரில் வாய்ப்பு நிறைய. எம்எஸ்சியோடும் சேரலாம், பிஎச்டியோடும் சேரலாம். வித்தியாசம் இதுதான்: அங்கே கேள்வியைக் கம்பெனியோ வாடிக்கையாளரோ தருவார்கள், நீங்கள் எழுதிவைத்த முறைப்படி ஒரு அடி விலகாமல் செய்து பதில் தருவீர்கள். கேள்வியும் நமதாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மூச்சு முட்டும். மற்றவர்களுக்கு மாலை ஆறு மணிக்கு வீடு, ஒன்றாம் தேதி சம்பளம். சொந்தமாகத் தொடங்க நினைத்தால் பயோடெக் தொழில்களுக்கு உதவும் மத்திய அரசு நிறுவனமான பைராக்கின் பிக் திட்டத்தில் 18 மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. ஜிகேவிகே வளாகத்தில் உள்ள சி-கேம்ப் என்ற மையம் இடமும் கருவியும் தருகிறது.

சித்தி மகளுக்கு இவ்வளவையும் போனில் சொல்லவில்லை. அரையாண்டு விடுமுறையில் மதுரையில் மைசூரு எக்ஸ்பிரஸ் ஏறி வரச் சொல்லியிருக்கிறேன். மூன்று நாள் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, விரல் மூடிய ஷூ போட்டுக்கொண்டு வர வேண்டும், செருப்போடு உள்ளே விட மாட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். "ஷூ வாங்கிட்டேண்ணே" என்று நேற்று வாட்ஸ்அப்பில் படம் வந்தது.